தூங்கியவர் பெயர், தூங்கிய நேரம்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதை வெளியூர்க்காரர்கள் சாரலைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். தென்காசிக்காரர்கள் கமிட்டிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். ஆனி பிறந்துவிட்டால் மாநிலத்தின் பிரச்சினைகள் எல்லாம் மெல்ல நகர்ந்து ஐந்தருவிப் பக்கம் வந்து சேர்ந்துவிடும். ஒரு வருஷம் கடல் மீன்களைப் பற்றி ஆராய வந்த கமிட்டி இரண்டு மாதம் இங்கே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கடல் இல்லாததால் பாரபட்சமில்லாமல் முடிவெடுக்க முடிகிறது என்று அதன் தலைவர் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போனார்.

1958-இல் வந்தது நித்திரைத் தைலப் பரிசீலனைக் குழு.

மதுவிலக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. குடிக்காத ஜனங்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்ற சந்தேகம் மெட்ராஸில் யாருக்கோ வந்திருக்கிறது. சிலர் ஆயுர்வேத முறைப்படி வடித்த வாசனைத் தைலத்தை உச்சியில் தடவிக்கொண்டு தூங்குகிறார்கள் என்று தகவல் கிடைத்தது. தடவினால் மனம் அடங்குகிறது என்றும் சொன்னார்கள். மனம் அடங்குகிறது என்றால் அது போதை தரும் லாகிரி வஸ்துவாகத்தானே இருக்க வேண்டும்? உடனே ஒரு குழு, ஒரு ஜீப், குற்றாலத்தில் ஒரு பங்களா. குழு என்றால் மூன்று பேர். ஸ்பெஷல் ஆபீசர் செல்லச்சாமி, ஹெட்கிளார்க் குற்றாலிங்கம், பியூன் சுடலைமாடன். தைலம் குளியலோடு சம்பந்தப்பட்டது, ஆகையால் அருவிக்கு நடந்துபோகும் தூரத்தில்தான் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று செல்லச்சாமி எழுதிய கடிதத்தை மெட்ராஸில் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்கள்.

அச்சன்புதூர் கிதிர் முகம்மதுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் தறியை விட்டுவிட்டு வெட்டிவேர்த் தைலம் வடித்துக்கொண்டிருந்தவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதற்குள் ஒரு செம்பு வாலை. வேரை நறுக்கி ஊறப்போட்டு, வாலையில் ஏற்றி, ஒரு பகல் முழுக்க எரித்தால் ஒரு கையளவு தைலம் இறங்கும். அதைச் சடாமாஞ்சி வேர் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயில் சேர்க்க வேண்டும். செங்கோட்டை வைத்தியர் ஒருவர் ஏட்டைப் பார்த்துச் சொன்ன முறை. உச்சியில் இரண்டு சொட்டு, உள்ளங்காலில் இரண்டு சொட்டு.

அந்த வேலையில் அவர் இறங்கியதே மனைவி அலிமாவுக்காகத்தான். அம்மை கண்டு இவர்களுடைய ஒரே மகள் நான்கு வயதில் போனாள். அன்றிலிருந்து அலிமாவுக்குத் தூக்கம் இல்லை. தென்காசி டாக்டரின் மாத்திரை அவளைத் தள்ளாட வைத்ததே தவிரத் தூங்க வைக்கவில்லை. வைத்தியர் சொன்ன தைலம்தான் கண்ணை மூட வைத்தது. அவளுக்கென்று ஒரு குப்பி கட்டிலின் தலைமாட்டில் எப்போதும் இருக்கும். அதன் தக்கை உடைந்துபோனதால் மகளுடைய மஞ்சள் கவுனில் ஒரு துண்டைக் கிழித்துச் சுருட்டி அடைத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது.

"இது என்னவே?" என்றார் குற்றாலிங்கம், வாலையைப் பிரம்பால் தட்டி.

"வாலைங்கய்யா."

"வாலைன்னா சாராயம் காய்ச்சுததுதானவே?"

"ஐயா, நான் முஸ்லிம். அஞ்சு நேரமும் தொழுதவன்."

"தொழுத நேரம் போக மீதி நேரம் என்ன செய்யுதீருன்னுதான் கேக்கேன்."

"வெட்டிவேர் வடிக்கேன். மோந்து பாருங்க."

குற்றாலிங்கம் மோந்து பார்த்தார். கண் தானாகச் சொக்கியது. சுதாரித்துக்கொண்டு, "ஏலே சுடலை, மயக்குது. எழுதிக்கோ" என்றார்.

பறிமுதல் மகஜர் எழுதினார்கள். செம்பு வாலை ஒன்று. வெட்டிவேர்க் கட்டு பதினொன்று. தைலம் நிரம்பிய குப்பி இருபத்திரண்டு. கட்டிலின் தலைமாட்டில் இருந்த அரைக் குப்பி, துணி மூடியுடன், ஒன்று. கடைசியில் குற்றாலிங்கம் ஒரு சுற்று வந்து மூக்கை உறிஞ்சி, தன் கடமையுணர்ச்சியில் ஐந்தாவதாக ஒன்று சேர்த்தார். வாசனை, அளவிட இயலவில்லை.

"அந்த அரைக் குப்பிய மட்டும் விட்டுட்டுப் போங்கய்யா" என்றாள் அலிமா கதவுக்குப் பின்னால் நின்று. "அது இல்லாம எனக்கு உறக்கம் வராது."

"அதத்தாம்மா நாங்களும் சொல்லுதோம்" என்றார் குற்றாலிங்கம். "அதுக்குப் பேருதான் லாகிரி."

ஜீப் போய்விட்டது. செங்கோட்டை வைத்தியரின் அலமாரிக்கும் அன்றைக்கே சீல் வைத்தார்கள். அலிமா அன்று தூங்கவில்லை. மறுநாளும் தூங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு நோட்டீஸ் வந்தது. மகஜரில் கண்ட ஐந்து சாமான்களில் நான்கு மட்டுமே ஆபீஸில் வந்து சேர்ந்திருக்கின்றன, ஐந்தாவது சாமானாகிய வாசனையை இன்னும் ஒப்படைக்காமல் வீட்டிலேயே வைத்திருப்பது ஏன் என்பதற்கு ஏழு நாளில் காரணம் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. கிதிர் முகம்மது அதை மூன்று தடவை படித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறினார்.

"வாசனைய எப்படிய்யா கொண்டாருவேன்?"

"அது உம்ம பாடு" என்றார் குற்றாலிங்கம். "எழுதுனது எழுதுனதுதான். இல்லாட்டி வாசனை போயிட்டுன்னு கிராம முன்சீப்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாரும்."

கிராம முன்சீப் வந்தார். கொட்டகை வாசலில் நின்று நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்துவிட்டு, "இருக்குதே வே" என்றார். சுண்ணாம்பு அடித்தார்கள். மறுபடி வந்து இழுத்தார். "சுண்ணாம்போட சேந்து இன்னும் நல்லா இருக்குது." கொட்டகைக்குள் இரண்டு நாள் மீன் கருவாட்டைத் தொங்கவிட்ட பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கருவாட்டு நாற்றம் வீடெல்லாம் நின்றது. அதைப் பறிமுதல் செய்ய யாரும் வரவில்லை.

சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு போனபோதுதான் கிதிர் முகம்மது முதல்முறையாக ஸ்பெஷல் ஆபீசரைப் பார்த்தார். செல்லச்சாமி அப்போதுதான் அருவியில் குளித்துவிட்டு வந்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தலை பளபளத்தது. அறை முழுவதும் வெட்டிவேர் மணந்தது.

"ஐயா, எங்க வீட்டு வாசனை இங்கனதான் இருக்குது" என்றார் கிதிர் முகம்மது, தேடிய பொருள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில்.

செல்லச்சாமிக்கு முகம் மாறவில்லை. "உட்காராதீர், நின்றே கேளும். ஒரு தைலத்தைத் தேய்த்துப் பார்க்காமல் அது ஆபத்தானதா என்று எப்படி முடிவு செய்வது? பொதுஜனத்துக்கு வரவேண்டிய ஆபத்தை நான் என் தலையில் வாங்கிக்கொண்டிருக்கிறேன். புதன், சனி இரண்டு நாளும் வாங்கிக்கொள்கிறேன். என் சம்சாரமும் வாங்கிக்கொள்கிறாள். ஊரிலிருந்து மச்சினன் வந்திருக்கிறான், சம்பளமே இல்லாமல் அவனும் வாங்கிக்கொள்கிறான். இருபத்திரண்டு குப்பியில் இப்போது ஆறுதான் பாக்கி. எங்களுக்கு எவ்வளவு வேலை என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளும்."

"வீட்டுல அவ பதினேழு நாளா உறங்கலய்யா. அந்த அரைக் குப்பியையாவது..."

"தூக்கம் என்பது அவரவர் சொந்த விஷயம் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியும் இந்த மனோபாவம் போகவில்லை" என்றார் செல்லச்சாமி. "சரி, சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. குற்றாலிங்கம், அந்தப் படிவத்தைக் கொடும்."

அது லாகிரிப் பழக்க ஒப்புதல் படிவம். அப்போதுதான் தமிழ் ஆட்சிமொழி ஆகியிருந்ததால் படிவம், பதிவேடு எல்லாம் தமிழில் அச்சாகி வந்திருந்தன. ஆபீஸில் யாரும் அவற்றைப் படிப்பதில்லை. ஆங்கிலத்தில் இல்லாத ஒன்றில் முக்கியமாக எதுவும் இருக்க முடியாது என்பது அவர்களுடைய அனுபவம். கிதிர் முகம்மது அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலிமாவிடம் கொடுத்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் அவள். எழுத்துக்கூட்டாமலே படிப்பாள்.

"நான் தைல லாகிரிக்கு அடிமைப்பட்டவள் என்றும், அது இல்லாமல் என்னால் ஒழுங்காக வாழ இயலாது என்றும் சுயபுத்தியுடன் ஒப்புக்கொள்கிறேன். என் பெயரைத் தாலுகா ஆபீஸ் விளம்பரப் பலகையில் பதினைந்து நாள் ஒட்டி, ஆட்சேபணை கேட்கச் சம்மதிக்கிறேன்."

படித்துவிட்டு மடித்துக் கீழே வைத்தாள்.

"பிள்ள செத்ததுக்கு உறங்க முடியல. அதுக்கு நான் குடிகாரின்னு எழுதித் தரணுமா?"

"வெறும் காயிதந்தானட்டி. ஒரு கையெழுத்துல உறக்கம் வந்துரும்லா."

"அந்தக் கையெழுத்தப் போட்டுட்டு எவளுக்கு உறக்கம் வரும்?" என்றாள். "வேற வழி இருக்கான்னு கேட்டுட்டு வாங்க."

வேறு வழி இருந்தது. அரசாங்கத்தில் வேறு வழி எப்போதும் இருக்கும், அது இன்னும் கொஞ்சம் தூரம், அவ்வளவுதான். பதினான்காவது விதியின்படி பரிசோதனைக்கு உட்பட வேண்டும். தைலம் இல்லாமல் அவள் உண்மையிலேயே தூங்கவில்லையா என்பதைக் குழு நேரில் பார்க்கும். மூன்று நாள், பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, குற்றாலம் பங்களாவில். நடப்பதை அரை மணிக்கு ஒரு தரம் நித்திரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கார்பன் வைத்து மூன்று நகல். ஒன்று மெட்ராஸுக்கு, ஒன்று கலெக்டருக்கு, ஒன்று இங்கே. பதிவேட்டை யார் எழுதுவது என்பதை விதி தெளிவாகச் சொல்லியிருந்தது. தூங்குபவர் எழுத முடியாதாகையால், கூடத்தில் விழித்திருப்பவர் எழுத வேண்டும்.

இருபத்து நான்காம் நாள் அலிமா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு புருஷனோடு பங்களாவுக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கூடத்தில் ஓர் ஓரமாகப் பெஞ்சு போட்டிருந்தார்கள். செல்லச்சாமி பெரிய நாற்காலியில் சாய்ந்திருந்தார். அன்று புதன்கிழமை. குளியல் முடிந்து, பங்களா சமையல்காரர் செய்த கோழிக் குழம்பும் முடிந்திருந்தது.

"அம்மா, பயப்பட வேண்டாம்" என்றார். "நீ தூங்குகிறாயா இல்லையா என்று நாங்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்போம். அரசாங்கத்தின் கண் இமைக்காது." சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேஜை மேல் இருந்த ஒரு குப்பியிலிருந்து மஞ்சள் துணிச் சுருளை உருவி, விரித்து, கண்ணாடியைத் துடைத்தார். ஊதி ஊதித் துடைத்தார். பிறகு அதே துணியால் கழுத்தையும் துடைத்துக்கொண்டார்.

கிதிர் முகம்மது தலையைக் குனிந்துகொண்டார். அலிமா குனியவில்லை.

"ஐயா, அந்தத் துணி..."

"பேசக்கூடாது. பேசினால் தூக்கம் கலையும்" என்றார் குற்றாலிங்கம்.

இரண்டேகால் மணிக்கு செல்லச்சாமியின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு இருபதுக்குக் குற்றாலிங்கம் ஃபைல் மேல் கவிழ்ந்தார். சுடலைமாடன் தூணில் சாய்ந்து, பெரியவர்களுக்கு முன்னால் தூங்கக்கூடாது என்ற மரியாதையில் இரண்டரை வரைக்கும் தாக்குப்பிடித்தான். வெளியே சாரல் அடித்தது. உள்ளே குறட்டை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிதிர் முகம்மதுக்கே கண் செருகியது. அவர் தொடையைக் கிள்ளிக்கொண்டார்.

அலிமா மட்டும் கண்ணைத் திறந்தபடி இருந்தாள். இருபத்து நான்கு நாளாகத் திறந்திருந்த கண். அவள் எழுந்து மேஜைக்குப் போனாள். நித்திரைப் பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருந்தது. தூங்கியவர் பெயர், தூங்கத் தொடங்கிய நேரம், குறட்டை உண்டா, தூக்கத்தில் பேசியது ஏதும் இருந்தால் என்று கட்டம் கட்டியிருந்தது. பக்கத்திலேயே விதிப்புத்தகம். படித்தாள். விழித்திருப்பவர் எழுத வேண்டும். சுற்றிலும் பார்த்தாள். கார்பனைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்று கிதிர் முகம்மது கிசுகிசுத்தார்.

"விதியில போட்டிருக்கு. எழுதுதேன்."

"நம்மள உள்ள தூக்கிப் போட்டுருவானுவ."

"உள்ள போட்டா உறக்கமா வந்துரப் போவுது? சும்மா இருங்க."

அலிமாவின் கையெழுத்து கொஞ்சம் பெரிதாக, குண்டுகுண்டாக இருக்கும். கலெக்டர் ஆபீஸுக்குக் கண்ணாடி தேவைப்படாத கையெழுத்து. எழுதியது இது.

"செல்லச்சாமி, ஸ்பெஷல் ஆபீசர். 2.15. குறட்டை உண்டு, இரண்டு விதம். பேசியது: மச்சினனுக்கு ரெண்டு குப்பி எடுத்து வை, கணக்குல உடைஞ்சதுன்னு எழுதிக்கலாம். குற்றாலிங்கம், ஹெட்கிளார்க். 2.20. குறட்டை உண்டு. பேசியது: யாரு, ஐயாவா, முட்டாப்பய. சுடலைமாடன், பியூன். 2.30. குறட்டை இல்லை. பாவம். அலிமா, பரிசோதனைக்கு வந்தவள். தூங்கவில்லை."

அரை மணிக்கு ஒரு தரம் எழுதினாள். ஒரு தரமும் தவறவில்லை. ஐந்து மணிக்குச் சுடலைமாடன் பதறி எழுந்து மணியடித்தான். செல்லச்சாமி கண்ணைத் திறந்து, "ஹும், ஆகட்டும், அடுத்தது" என்றார். குற்றாலிங்கம் பதிவேட்டைப் பார்த்தார். தமிழ். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. காலிக் கட்டம் இருந்தால்தான் அவர் படிப்பார். கையெழுத்துக்கு நீட்டினார், செல்லச்சாமி போட்டார், சுடலைமாடன் முத்திரை குத்தி மூன்று உறையிலும் அரக்கு வைத்தான். வியாழன், வெள்ளியும் அப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை மச்சினனும் வந்து தூங்கினான். அவன் பெயர் தெரியாததால், "தலையில் தைலத்துடன் ஒரு ஆள்" என்று எழுதினாள்.

பத்து நாள் கழித்து மெட்ராஸிலிருந்து வந்த தாள் ஆங்கிலத்தில் இருந்ததால் செல்லச்சாமி அதை உடனே படித்தார். முதல் பாராவில் பாராட்டு. மாநிலத்திலேயே முழுமையாக நிரப்பப்பட்ட முதல் பதிவேடு உங்களுடையதுதான் என்று இருந்தது. இரண்டாவது பாராவில் ஒரு சிறிய விளக்கம் கேட்டிருந்தார்கள். மூன்று நாளும் தாங்கள் சராசரி இரண்டு மணி நாற்பது நிமிஷம் தூங்கியதாகத் தெரிகிறது. அது தைலத்தினாலா, தைலம் இல்லாமலா? இல்லாமல் என்றால், வேலை நேரத்தில் தூங்கியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?

செல்லச்சாமி பதிவேட்டை வரவழைத்துத் தன் உத்தியோகத்தில் முதல்முறையாக ஒரு தமிழ்ப் படிவத்தைப் படித்தார். குற்றாலிங்கம் ‘முட்டாப்பய' என்ற இடத்தில் விரலை வைத்து மறைத்துக்கொண்டார். எழுதியவளைப் பிடிக்கலாமா என்று யோசித்தார்கள். பிடித்தால் பதிவேடு தப்பாகிவிடும். பதிவேடு தப்பென்றால் அதில் கையெழுத்துப் போட்டவர் யார்?

"சரி, எழுதிக்கொள்ளும்" என்றார் செல்லச்சாமி. "மேற்படி தூக்கம் முழுக்க முழுக்கத் தைலத்தின் வேகத்தால் ஏற்பட்டது. ஏழைப் பெண்களின் உடம்பில் சோதிப்பதை விரும்பாத நான், என் மண்டையை அரசாங்கத்துக்கு அர்ப்பணித்தேன். அது தூங்கியது. தைலம் வீரியமுள்ளது என்பதற்கு என் மண்டையே அத்தாட்சி."

"சார், வீரியமுள்ளதுன்னு எழுதுனா அது மருந்துன்னு ஆயிரும், அவன் வாலையத் திருப்பிக் குடுக்கணுமே" என்றார் குற்றாலிங்கம்.

"கொடுத்துத் தொலையும். வாலையா பெரிசு, என் வேலையா பெரிசு?"

இப்படியாக நாற்பத்து மூன்றாம் நாள் வாலை திரும்பி வந்தது. அரைக் குப்பியும் வந்தது, தைலம் அடியில் ஒரு விரற்கடை இருந்தது. அதற்குக் காகிதத்தை உருட்டி அடைத்திருந்தார்கள். ஒப்படைப்புச் சீட்டில் சுடலைமாடன் இரண்டு வரி எழுதியிருந்தான். "துணி மூடி: ஐயா கண்ணாடி துடைத்ததில் கிழிந்து நைந்தது. குப்பையில் போடப்பட்டது."

அலிமா சீட்டைப் படித்தாள். உச்சியிலும் உள்ளங்காலிலும் தைலத்தைத் தடவிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது.

கிதிர் முகம்மது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வாலை வந்தால் போதும், அல்லாவுக்கு நன்றி என்று வாயை மூடிக்கொள்கிற மனுஷர்தான் அவர். அன்றைக்கு அவருக்கு அது போதவில்லை.

இதற்கிடையில் மெட்ராஸ் தன் தர்க்கத்தை ஒரு படி மேலே கொண்டுபோயிருந்தது. தைலத்தால் தூங்கியவர் என்று செல்லச்சாமியே ஒப்புக்கொண்டதால் அவர் லாகிரிப் பழக்க ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. போட்டார். அவருடைய பெயர் தென்காசி தாலுகா ஆபீஸ் விளம்பரப் பலகையில் ஒட்டப்பட்டது. ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளைக்குள் எழுதித் தரலாம். யார் எழுதப்போகிறார்கள்? அந்தப் பலகையை இதுவரை ஆடுகள்தான் படித்திருந்தன.

கிதிர் முகம்மது ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். செல்லச்சாமி இருபது வருஷத்தில் ஏழெட்டு ஆபீஸ்களில் இருந்தவர். அந்த ஆபீஸ் வாசல்களில் எல்லாம் ஜனங்கள் நின்றிருக்கிறார்கள். நின்றவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கேட்ட உடனேயே, "ஏ, அந்த ஆளா? இரும், பேனா எடுத்துட்டு வாரேன்" என்றார்கள்.

ராயகிரி மாடக்கண்ணு எழுதினார்: "செல்லச்சாமி ஐயா தைலத்தால்தான் தூங்கினார் என்பதை ஆட்சேபிக்கிறேன். 1951-இல் என் கிணற்றை அளக்க வந்தவர் கிணற்றடியில் மூன்று மணி நேரம் தூங்கினார். அப்போது என்னிடம் தைலம் இல்லை. எருமைதான் இருந்தது."

இலத்தூர் முப்பிடாதியம்மாள் சொல்லச்சொல்ல வேறொருவர் எழுதினார்: "என் வீட்டுக்காரர் இறந்த சர்டிபிகேட்டுக்காக எட்டு நாள் போய் நின்றேன். எட்டு நாளும் தூங்கினார். எட்டாம் நாள் முழித்து, ‘எல்லாத்துக்கும் உன்னையே அனுப்புகிறாரே, உன் வீட்டுக்காரர் வரமாட்டாரா' என்று கேட்டார்."

இப்படி இருநூற்றுப் பதினேழு. தாசில்தார் ஆபீஸில் வைக்க இடம் இல்லை. தைலத்துக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை, இவர் இயற்கையாகவே தூங்குகிறவர் என்று இருநூற்றுப் பதினேழு சாட்சிகள் நிரூபித்துவிட்டார்கள். அப்படியானால் தைலத்தால் தூங்கினேன் என்று மெட்ராஸுக்கு எழுதியது பொய். பொய் சொன்னதற்கு ஒன்று, இருபது வருஷம் தூங்கியதற்கு ஒன்று, உடைந்ததாக எழுதிய குப்பிகளுக்கு ஒன்று என்று மூன்று குற்றச்சாட்டு. செல்லச்சாமியை சஸ்பெண்ட் செய்தார்கள். குழுவைக் கலைத்தார்கள். வாலையை மறுபடி பறிமுதல் செய்ய வேண்டும் என்று கடைசி ஃபைலில் ஒரு குறிப்பு இருந்தது. குழுவே இல்லாததால் அதைச் செய்ய யாருக்கும் அதிகாரம் இல்லை.

ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கிதிர் முகம்மது சோறு தின்றுவிட்டுக் கொட்டகைக்கு வந்தபோது முற்றத்தில் ஒருவர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். தலையில் பழைய பளபளப்பு இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"கிதிர் முகம்மது பாய்" என்றார் செல்லச்சாமி. முன்னே அவர் ‘பாய்' என்று சொன்னதில்லை. "என்கொயரி முடியவில்லை. ஒரு மாதமாகக் கண்ணை மூட முடியவில்லை. ஆபீஸ் நாற்காலி இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதே இல்லை. எத்தனையோ தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டேன். உம்முடையது மாதிரி இல்லை. ஒரே ஒரு சின்னக் குப்பி..."

"ஸ்... மெதுவாப் பேசுங்க ஐயா" என்றார் கிதிர் முகம்மது உதட்டில் விரலை வைத்து. "உள்ள அவ உறங்குதா. தைலத்த எடுத்துக் குடுக்கது அவதான். எனக்கு எது எங்க இருக்குன்னு தெரியாது."

"எப்போது எழுந்திருப்பாள்?"

கிதிர் முகம்மது விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார்.

"நாப்பத்து மூணு நாள் உறக்கம் பாக்கி இருந்துது. கொஞ்சங் கொஞ்சமாத் தீத்துக்கிட்டு வருதா. பதினொண்ணு முடிஞ்சிருக்கும்னு நெனைக்கேன்."

செல்லச்சாமி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முற்றத்து முருங்கை மரத்தின் நிழலுக்கு மெல்ல நகர்ந்தார்.

"அங்கன வேண்டாம் ஐயா" என்றார் கிதிர் முகம்மது மிகுந்த மரியாதையோடு. "காத்தடிச்சா முருங்கக்காய் விழும், சத்தத்துல முழிச்சிருவா. வெயில்ல நில்லுங்க."